செத்த மறுநாள் ஒரு திருத்தம்

1

சரக்கு லிஃப்ட் கீழே வரவில்லை.

தங்கச்சி பட்டனை மூன்று தரம் அழுத்திப் பார்த்தாள்.

ம்ஹூம்!

காலை ஏழரை மணி. முதல் ஷிஃப்ட் ஆட்கள் தலையில் தொப்பியும் வாயில் முகமூடியுமாக வரிசையில் நிற்கிறார்கள். மேல் மாடியில் மருந்து மாவு டிரம் டிரம்மாகக் காத்திருக்கிறது. லிஃப்ட் மட்டும் அசைவேனா என்கிறது.

"கதவு எங்கயோ சரியா மூடலபோல. அந்த டார்ச்சைக் குடுங்க."

இரும்புக் கதவின் இடுக்கு வழியாக வெளிச்சத்தைக் குழிக்குள் அடித்தாள்.

முதலில் தெரிந்தது ஒரு ஷூ.

அடுத்துத் தெரிந்தது ஷூ இல்லாத ஒரு கால்...

அவள் அலறிய அலறலில் எதிர்க் கட்டடத்துக் காவலாளி விசிலோடு ஓடி வந்தார்!

குழிக்குள் மல்லாந்து கிடந்தார் அவளுடைய அண்ணன். அந்த மாத்திரைத் தொழிற்சாலையின் முதலாளி. திறந்திருந்த கண்கள் எதையும் பார்க்கவில்லை.

பார்த்துப் பார்த்து வளர்த்த அண்ணன். அப்பா போன பிறகு அப்பாவாகவும் இருந்தவர். அவர் தங்கை என்பதால் தொழிற்சாலையில் எல்லோருக்குமே அவள் தங்கச்சிதான். ஐம்பது வயது மிஷின்காரரும் தங்கச்சி என்பார், நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணும் தங்கச்சி என்பாள். மருந்து செய்யும் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. எந்த மிஷின் எப்போது மக்கர் பண்ணும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

போலீசுக்கு அவளேதான் போன் போட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. இறங்கிய இன்ஸ்பெக்டர் பெரிய உடம்புக்காரர். விறுவிறுவென்று உள்ளே நுழையப் போனவரை ஒரு ஒல்லிக் கை மறித்தது.

"சார்... தொப்பி."

"என்னது?"

"தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை. போட்டுட்டு உள்ள போங்க."

"யோவ், உள்ள பொணம் கிடக்கு."

"மருந்தும் இருக்கு சார்."

மறித்தவர் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. அறுபதை நெருங்கும் வயது. இருபத்திரண்டு வருடமாக அவர் சரி என்று கையெழுத்துப் போடாமல் ஒரு மாத்திரைகூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. தங்கச்சிக்கு மட்டும் அவர் மாமா.

தொப்பி போட்டுக்கொண்ட இன்ஸ்பெக்டர் குழியைப் பார்த்தார். இரண்டாம் மாடிக்குப் போய், 'ஆ'வென்று திறந்து கிடந்த லிஃப்ட் கதவைப் பார்த்தார். பழைய கதவு. கையால் இழுத்தாலே வந்துவிடும்.

தொழிற்சாலையே அழுது கொண்டிருந்தது. பூதக்கண்ணாடியின் கண்கள் மட்டும் காய்ந்து கிடந்தன. இருபத்திரண்டு வருடம் பழகிய மனுஷனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராதா? தங்கச்சிக்கு அந்த நேரத்திலும் சுருக்கென்றது.

2

அண்ணனின் அறை.

மேஜைமேல் இரண்டு காபிக் கோப்பைகள். ஒன்று காலி. இன்னொன்றில் பாதிக் காபி ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

"இதுல உங்க அண்ணன் கோப்பை எது?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பாதி இருக்கறது சார். சர்க்கரை போட்டுக்க மாட்டாரு. பக்கத்துல சர்க்கரைப் பொட்டலம் பிரிக்காம கிடக்கு பாருங்க."

"அப்ப காலி பண்ணினது விருந்தாளி. ஷிஃப்ட்டுக்கு முன்னாடியே யாரோ வந்திருக்காங்க." இன்ஸ்பெக்டர் காலிக் கோப்பையைக் கைக்குட்டையால் தூக்கி உறைக்குள் போட்டார். "கோப்பை விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும். அண்ணனுக்கு எதிரி யாராவது உண்டாம்மா?"

"ஆளுன்னு யாரும் இல்ல. ஒரு கம்பெனி இருக்கு."

"புரியற மாதிரி சொல்லுங்க."

தங்கச்சி கண்களைத் துடைத்துக்கொண்டாள். அழ நாள் இருக்கிறது. இப்போது பேச வேண்டும்.

"ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு கேப்ஸ்யூல் இருக்கு சார். தினம் ஒண்ணு, ஆயுசு பூரா. சாப்பிட்டா வேலைக்குப் போலாம், புள்ளைங்களை வளக்கலாம். நிறுத்தினா நோய் திரும்பிடும். அதை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி செய்யுது. பேட்டன்ட் அவங்களோடது. இருபது வருஷத்துக்கு வேற யாரும் செஞ்சு விக்கக் கூடாது."

"விலை?"

"ஒரு மாச மருந்துக்கு உங்க ஒரு வருஷச் சம்பளம் பத்தாது."

"என் சம்பளம் எதுக்குத்தாம்மா பத்துது... சரி, மேல சொல்லுங்க."

"அதே பேட்டன்ட் சட்டத்துக்குள்ள ஒரு பின் கதவு வெச்சிருக்காங்க. கட்டாய உரிமம்னு பேரு. பேட்டன்ட் குடுத்து மூணு வருஷம் கழிச்சும் மருந்து ஜனங்களுக்குக் கட்டுப்படியாகற விலையில கிடைக்கலேன்னாலோ, அதை இந்த நாட்டுல செய்யலேன்னாலோ, 'நாங்க செய்யறோம்'னு பேட்டன்ட் ஆபீஸ்ல மனு போடலாம். நியாயம்னு பட்டா கன்ட்ரோலர் உத்தரவு போடுவாங்க. கம்பெனிக்கு ஒரு பங்கு ராயல்டியா குடுத்துட்டு நாங்க செய்யலாம். அவங்க சம்மதம் தேவையில்ல."

"அதனாலதான் கட்டாயமா?"

"ஆமா. ஆனா மொதல்ல அவங்ககிட்டயே முறையா எழுதிக் கேட்டிருக்கணும். கேட்டுட்டு ஆறு மாசம் காத்திருக்கணும். அண்ணன் எழுதினாரு. எட்டு மாசமா பதிலே இல்ல. அதுக்கப்புறம்தான் மனு போட்டாரு. விசாரணை வர்ற பதினாலாம் தேதி."

"இன்னிக்கு மே பதினொண்ணு." இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். "உங்க அண்ணன் ஒரு மருந்துக்காக ஏன் இவ்ளோ பெரிய இடத்தோட மல்லுக்கு நின்னாரு?"

தங்கச்சி ஜன்னலைப் பார்த்தாள்.

"அண்ணிக்கு அந்த நோய் சார்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"வீடு, நகை, வண்டி எல்லாம் வித்து வாங்கினோம். இனி விக்க எதுவும் இல்ல. கடைசி டப்பாவுல இன்னும் இருபத்து நாலு கேப்ஸ்யூல் இருக்கு. இருபத்து நாலு நாள்."

"நீங்கதான் மருந்து செய்யறவங்களாச்சே?"

"செஞ்சாச்சு. மூணு தடவை. சோதனைக்காகச் செஞ்சு பாக்கச் சட்டம் விடுது. மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸும் பரிசோதிச்சு, சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க. இதோ இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அலமாரி நிறைய இருக்கு. ஆனா அதுல ஒரே ஒரு கேப்ஸ்யூல் வெளிய போனாலும் பேட்டன்ட்டை மீறினோம்னு கேஸ் கவுந்துடும். நாடு பூரா காத்துக்கிட்டிருக்கறவங்களுக்கும் சேத்துக் கதவு மூடிடும்னு சொல்லி, சொந்தப் பொண்டாட்டிக்கே குடுக்காம பூட்டி வெச்சாரு என் அண்ணன்."

குரல் உடைந்தது. அவள் அதை அழுகையாக ஆக விடவில்லை.

"பதினாலாம் தேதி நான் போய்ப் பேசுவேன் சார்."

3

மறுநாள் பன்னிரண்டாம் தேதி. அண்ணனைத் தகனம் செய்துவிட்டு வந்த வீடு. நாற்காலிகள்கூட வாடகை. கூடத்தில் அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் ஒரு நீளமான கார் நின்றது.

இறங்கியவர் அந்த மருந்துக் கம்பெனியின் மேனேஜர். கொளுத்தும் வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார். பேட்டன்ட் ஆபீஸ் வராந்தாவில் எல்லோரும் அவரைக் 'கோட்டு' என்றுதான் சொல்வார்கள். முகத்தில் துக்கம் இருந்தது... இஸ்திரி போட்ட துக்கம்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. பெரிய மனுஷன்."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோட்டு ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து அண்ணியின் முன்னால் வைத்தார். உள்ளே அந்த கேப்ஸ்யூல்! டப்பா டப்பாவாக!

தங்கச்சியின் கண்கள் டப்பாக்களை எண்ணின.

"ஒரு வருஷத்துக்கு இருக்கும்மா. இனி உங்க ஆயுசுக்கும் கம்பெனியே தரும். ஒரு பைசா வேணாம்."

"பதிலுக்கு?" தங்கச்சி கேட்டாள்.

"பெரிசா ஒண்ணுமில்ல. அந்த மனுவை வாபஸ் வாங்கிக்குங்க. அண்ணனே போயிட்டாரு, இனி அது எதுக்கு?"

தங்கச்சி அண்ணியைப் பார்த்தாள். உள்ளுக்குள் ஒரு குரல், 'வாங்கிக்கோங்க அண்ணி, வாங்கிக்கோங்க' என்றது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் குரல் ஓயவில்லை.

அண்ணி பெட்டியைத் தொடவில்லை. மெதுவாக எழுந்தாள்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல என்கூட எத்தனை பேர் உக்காந்திருப்பாங்க தெரியுமா சார்? போன வருஷம் நாங்க பதினோரு பேர். இப்போ நாலு பேர்."

"அவங்களுக்கெல்லாம் நாங்க எப்படிம்மா..."

"மத்த ஏழு பேரும் மருந்து இல்லாம சாகல. மருந்து கடையில இருந்துச்சு. வாங்க முடியாம செத்தாங்க. நாலு பேர்ல ஒருத்திக்கு மட்டும் வாயை அடைக்க வந்திருக்கீங்க. எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

"யோசிச்சுப் பேசுங்கம்மா. உங்க உயிரு."

"அது என் உயிரு. அதை வெச்சு எங்க வீட்டுல யாரும் வியாபாரம் பண்ண மாட்டோம்."

கோட்டு பெட்டியை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"பதினாலாம் தேதி நீங்க வரவே வேணாம்மா. உங்க மனுவுல உயிரு இருக்காது."

தங்கச்சி ஜன்னலுக்கு ஓடினாள்.

காரின் பின் கதவு திறந்தது. கோட்டு ஏறினார். தெரு முனையில் கார் நின்றது... யாரோ இன்னொருவர் ஏறிக்கொண்டார்.

ஒல்லி உடம்பு. சட்டைப் பையில் இரண்டு பேனா.

மாமா!

4

மறுநாள் தொழிற்சாலையில் அவரைப் பிடித்தாள்.

"மாமா, நேத்து அந்தக் கார்ல எங்க போனீங்க?"

"ஒரு வேலையா போனேன்."

"அவங்ககூட உங்களுக்கு என்ன வேலை?"

பூதக்கண்ணாடி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நாளைக்கு விசாரணை. போய்த் தூங்கும்மா."

"எங்க அண்ணன் தட்டுல சாப்பிட்ட மனுஷன் நீங்க."

"தூங்குன்னு சொன்னேன்."

அவ்வளவுதான். தங்கச்சி வெளியே வந்தாள். இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டுச் சொன்னாள். "பாத்துக்கறேன்" என்று ஒரே சொல்லில் அவரும் வைத்துவிட்டார். ஊரே கூடி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது போல இருந்தது.

பதினாலாம் தேதி காலை பதினொரு மணி. பேட்டன்ட் ஆபீஸின் விசாரணை அறை. நீள மேஜை. அதன் தலைப்பக்கம் நரைத்த தலையும் மூக்கு நுனிக் கண்ணாடியுமாகக் கன்ட்ரோலர் அம்மா. வலப் பக்கம் கம்பெனியின் பெரிய வக்கீல், அவருக்குப் பின்னால் கோட்டு. இடப் பக்கம் தங்கச்சி. தனியாக.

கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார் மாமா. கதவோரம் சாதாரண சட்டையில் ஒரு பெரிய உடம்பு. இன்ஸ்பெக்டர்.

"வக்கீல் வைக்கலையாம்மா?" கன்ட்ரோலர் கேட்டார்.

"அண்ணனே பேசறதா இருந்தது மேடம். அவரு இடத்துல நான் பேசறேன்."

"வருந்தறேன். ஆரம்பிங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் பெரிய வக்கீல் எழுந்துவிட்டார்.

"மேடம், நேரத்தை வீணாக்க வேணாம். இந்த மனு நிக்கவே நிக்காது. மனு போடறதுக்கு முன்னாடி எங்ககிட்ட உரிமம் கேட்டிருக்கணும். கேட்டாங்க, வாஸ்தவம். ஆனா மார்ச் மூணாம் தேதி அந்தக் கோரிக்கையை அவரே வாபஸ் வாங்கிட்டாரு. இதோ, காலமானவர் தன் கையால எழுதின கடிதம்."

ஒரு காகிதம் மேஜைக்கு வந்தது. தொழிற்சாலையின் சொந்த லெட்டர் பேப்பர்!

கன்ட்ரோலர் படித்தார்.

"'இம்மருந்தைத் தரமாகத் தயாரிக்க எங்களால் இயலவில்லை. மூன்று முயற்சிகளும் தோல்வியடைந்தன. ஆகவே எங்கள் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்.' அப்படின்னா நீங்க கேட்கவே இல்லைன்னு ஆயிடுதேம்மா. இது உங்க அண்ணன் கையெழுத்தா?"

காகிதம் தங்கச்சியின் கைக்கு வந்தது.

அண்ணனின் எழுத்து. அண்ணனின் வளைவு. அண்ணனின் கையெழுத்து.

அண்ணன் இப்படி எழுதுவாரா? எழுதவே மாட்டார்! ஆனால் எழுத்து அவருடையதாக இருக்கிறதே... மறுக்க வேண்டிய மனுஷன் சாம்பலாகிவிட்டாரே!

கோட்டு கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

தங்கச்சி மறுபடியும் படித்தாள். வரி வரியாக. மருந்து செய்கிறவள் படிக்கிற மாதிரி.

இரண்டாவது வரியில் கண் நின்றது.

முதலில் 'இரண்டு' என்று எழுதி, அதன்மேல் ஒரே ஒரு கோடு கிழித்து, மேலே 'மூன்று' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு எழுத்து. அதற்கும் பக்கத்தில் இன்னும் சின்னதாக ஒரு எண்.

12/5.

தங்கச்சி நிமிர்ந்தாள். அவள் முதுகு நேராகியது.

"மேடம், ஒரு விஷயம் கேக்கலாமா? நீங்க எழுதும்போது தப்பு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அடிச்சுட்டு எழுதுவேன்."

"எல்லாரும் அப்படித்தான். மருந்துத் தொழிற்சாலையில மட்டும் அப்படி முடியாது. கிறுக்கி அழிக்கக் கூடாது, வெள்ளை மை வைக்கக் கூடாது. பழசு தெரியற மாதிரி ஒரே ஒரு கோடு. பக்கத்துல திருத்தின ஆளோட முதலெழுத்து, திருத்தின அன்னிக்குத் தேதி. ஆயிரம் பக்கம் எழுதினாலும் இப்படித்தான். எங்க கைக்கு மளிகைச் சீட்டுல தப்பு வந்தாக்கூட தேதி போட்டுத்தான் பழக்கம்."

"அதனால?"

"இந்தக் கடிதத்துல மேல போட்டிருக்கற தேதி மார்ச் மூணு. திருத்தத்துல இருக்கற தேதி மே பன்னிரண்டு. எங்க அண்ணன் செத்தது மே பதினொண்ணு."

அவள் விரலை அந்த எண்ணின்மேல் வைத்தாள்.

"செத்த மறுநாள் எழுந்து வந்து திருத்தம் போட்டிருக்காரா மேடம் எங்க அண்ணன்?"

கன்ட்ரோலர் காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார். பெரிய வக்கீல் எட்டிப் பார்த்தார். அவர் முகம் சுண்டியது. திரும்பிக் கோட்டைப் பார்த்தார். கோட்டு கூரையைப் பார்த்தார்.

"இந்த முதலெழுத்து யாரோடதும்மா?"

தங்கச்சிக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு மருந்துத் தாளின் கடைசியிலும் அவள் பார்க்கிற அதே இரண்டு எழுத்து. திரும்பிக் கடைசி வரிசைக்கு நடந்தாள்.

"மாமா... இது நீங்களா?"

பூதக்கண்ணாடி எழுந்தார்.

"ஆமா. அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான்."

பளார்!

அவள் கை தானாக எழுந்துவிட்டது. அவர் கண்ணாடி பறந்து தரையில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து, உடைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எதுக்கு மாமா? எவ்வளவு குடுத்தாங்க?"

"உக்காரும்மா. சொல்றேன்." அவர் கன்ட்ரோலரைப் பார்த்துத் திரும்பினார். "மேடம், துக்க வீட்டு வாசல்லயே இந்த மேனேஜர் என்னைக் கூப்பிட்டாரு. முதலாளி எழுத்து எனக்கு அத்துப்படி, ஒரு கடிதம் வேணும்னாரு. என்னதான் பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் கார்ல ஏறினேன். என் பையில இருந்த எங்க லெட்டர் பேப்பர்ல, அவரு ஆபீஸ்ல உக்காந்து எழுத ஆரம்பிச்சேன். முதல் வரி எழுதும்போது இவரு பக்கத்துல நின்னு சொன்னாரு: 'பிடிவாதக்கார மனுஷன்யா. சர்க்கரைகூட போடாத காபி, அதையும் பாதியில வெச்சுட்டு என்னை வெளிய போன்னு எழுந்துட்டாரு'ன்னு."

"பொய்!" கோட்டு கத்தினார்.

"முதலாளி அறையில காபி பாதி இருந்தது எனக்கே தெரியாது மேடம். சீல் வெச்ச அறை. அன்னிக்குச் சாயங்காலம் இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது. ஆனா அதுவரைக்கும் எங்க வாசலையே மிதிக்காத இவரு, முதலாளி செத்த காலையில அங்க போயிருந்தாருன்னு அந்த ஒரு வார்த்தையில புரிஞ்சுபோச்சு. பேனாவை வெச்சுட்டு எழுந்துடலாம்னு பாத்தேன். எழுந்தா என்ன ஆகும்? வேற யாரையாவது வெச்சு எழுதுவாங்க. தப்பே இல்லாம எழுதுவாங்க."

அவர் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அதனால ரெண்டாவது வரியில ஒரு தப்பு பண்ணினேன். மொத்தம் முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் வேணும்னே பண்ணின ஒரே தப்பு. கோடு போட்டேன், முதலெழுத்து போட்டேன், அன்னிக்குத் தேதியும் போட்டேன். இவரு கண்ணு முன்னாடிதான் போட்டேன்."

"பாத்துட்டுமா விட்டாரு?" கன்ட்ரோலர் கேட்டார்.

"பாத்தாரு. கையெழுத்து ஒத்துப்போகுதான்னு மட்டும் பாத்தாரு. வக்கீலும் அதைத்தான் பாத்திருப்பாரு. மருந்து செய்யற எந்த இடத்துலயும் கூட்டிப் பெருக்கற அம்மாவுக்குக்கூட அந்தத் தேதி கண்ணுல பட்டிருக்கும் மேடம். இவங்களுக்குப் படல. ஏன்னா இவங்க இந்த நாட்டுல மருந்து விக்கறாங்க. செய்யறதில்ல."

கன்ட்ரோலர் அம்மாவின் பேனா அந்த இடத்தில் என்னவோ எழுதிக்கொண்டது.

கோட்டு எழுந்தார். "எனக்கு அவசரமா ஒரு..."

கதவை மறைத்துக்கொண்டு நின்றது அந்தப் பெரிய உடம்பு.

"உக்காருங்க சார். ஒரு கோப்பையில விரல் ரேகை இருக்கு. ரெண்டு நாளா அதுக்கு ஏத்த விரல் கிடைக்காம அலையறேன். உங்க கையைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

கோட்டு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். சின்னப் பிள்ளை மாதிரி! இரண்டு கான்ஸ்டபிள்கள் மரியாதையாக அதை வெளியே எடுத்தார்கள்.

தங்கச்சி மாமாவின் முன்னால் நின்றாள். கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்து கிடந்தன.

"இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். என்கிட்ட மட்டும் ஏன் மாமா சொல்லல?"

"உனக்கு நடிக்க வராதும்மா. அந்தக் கடிதத்தை அவங்களே கொண்டுவந்து, அவங்க கையால மேடம் மேஜைமேல வைக்கணும். நீ முன்னாடியே சிரிச்சுட்டா காரியம் கெட்டுடும்." அப்போதுதான் அவர் கண்கள் நிறைந்தன. "அழறதுக்குக்கூட பயந்துக்கிட்டு இருந்தேன். அழுதா உங்கிட்ட சொல்லிடுவேன்."

கன்ட்ரோலர் மேஜையைத் தட்டினார்.

"போலீஸ் வேலை முடிஞ்சுதா? கடிதத்தை நான் பறிமுதல் பண்றேன். மனு அப்படியே நிக்குது. நீங்க ஆரம்பிங்கம்மா. மருந்து எத்தனை பேருக்கு வேணும், எத்தனை பேருக்குக் கிடைக்குது?"

தங்கச்சி முகத்தைத் துடைத்தாள். அண்ணனின் காகிதங்களைப் பிரித்தாள்.

இரண்டு மணி நேரம் பேசினாள். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

5

உத்தரவு வர மேலும் இரண்டு வாரம் ஆனது. அதுவரை அண்ணியின் டப்பாவில் நாளுக்கு ஒன்று குறைந்தது. ஏழு மிச்சமிருந்தபோது பேட்டன்ட் ஆபீஸிலிருந்து தபால் வந்தது.

கட்டாய உரிமம் வழங்கப்படுகிறது!

தொழிற்சாலையில் ஒருத்தரும் கூச்சல் போடவில்லை. மிஷின்காரர் பேசாமல் போய் மிஷினைத் தட்டிவிட்டார். அந்தச் சத்தம் போதும்.

அரை மணியில் பெரிய வக்கீலின் போன்.

"மேல் முறையீட்டுக்குப் போவோம்மா."

"போங்க சார். தடை வாங்கற வரைக்கும் மிஷின் ஓடும்."

"எதுக்கு வம்பு? கம்பெனி இப்போ தானாவே உரிமம் தரத் தயாரா இருக்கு. அந்த உத்தரவு மட்டும் வேணாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. மத்த நாட்டுக்காரங்களும் இதைப் பாத்துக் கிளம்பிடுவாங்க, அதான் எங்க கவலை."

"எட்டு மாசம் நாங்க கேட்டோம், நீங்க குடுக்கல. இப்போ நீங்க குடுக்கறீங்க, நாங்க கேக்கல. எழுதித்தான் ஆகணும்னா எங்ககிட்ட நல்லா எழுதற ஆளு ஒருத்தரு இருக்காரு. அனுப்பட்டுமா?"

டொக்!

வக்கீல் சும்மா இருப்பாரா? ஏற்கெனவே மாமாவின்மேல் போலிக் கடிதம் எழுதியதாக ஒரு வழக்கைப் போட்டு வைத்திருந்தார். எழுதியது உண்மைதானே! கோர்ட்டு ஜாமீன் கொடுத்தது. ஒரு நிபந்தனையோடு. தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அலமாரியில் இருந்தது சோதனைச் சரக்கு, அதை வெளியே விட முடியாது. ஆறு நாளில் முதல் சரக்கு தயாரானது. பரிசோதனை எல்லாம் முடிந்தது. வெளியே அனுப்பத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மணி பத்தரை. ஆள் ஸ்டேஷனிலிருந்து வந்தபாடில்லை!

வீட்டில் அண்ணியின் டப்பாவில் கடைசி கேப்ஸ்யூல். தங்கச்சி தாள்களை அள்ளிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். மேல் முறையீட்டுத் தடை கிடை என்று எதுவும் வந்து தொலைப்பதற்குள் கையெழுத்து விழ வேண்டும்.

ஸ்டேஷனில் பூதக்கண்ணாடி ரைட்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரைட்டர் நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, சீக்கிரம். இது முதல் சரக்கு."

அவர் அவசரப்படவில்லை. நாற்பது பக்கம். ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஸ்டேஷனே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கடைசிப் பக்கம் வந்ததும் பேனா மூடியைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார், பக்கத்தில் தேதியும் போட்டார்.

"சரியா இருக்கும்மா. உங்க அண்ணன் செஞ்ச மாதிரியே இருக்கு. போய் அண்ணிக்குக் குடு. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல இருக்கற மத்த மூணு பேருக்கும் குடு."

தங்கச்சி அங்கேயே, அத்தனை போலீஸ்காரர்கள் நடுவில், அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். இத்தனை நாள் சேர்த்து வைத்தது எல்லாம் கொட்டித் தீர்ந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியவளை இன்ஸ்பெக்டர் வாசல் வரை துரத்திக்கொண்டு வந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம். மேனேஜர் ஜெயில்ல பத்திரமா இருக்காரு, ரேகையும் பொருந்திடுச்சு. ஆனா எப்பாடு பட்டாவது மாமாவோட அந்த ஜாமீன் நிபந்தனையை ரத்து பண்ண வெச்சுடுங்க."

"ஏன் சார், அவருக்கு அலைச்சலா இருக்கா?"

"அவரு நல்லாத்தான் இருக்காரு. பதிமூணு நாள்ல எங்க ரிஜிஸ்டர்ல நாப்பத்தோரு தப்பு கண்டுபிடிச்சு வெச்சிருக்காரு. இன்னும் ஒரு வாரம் வந்தாருன்னா தரம் சரியில்லைன்னு ஸ்டேஷனையே இழுத்து மூடிடுவாரும்மா!"